பன்ட்ரி கபேட் ஃபமிலி: பலகைத் தடிப்பை மாற்றினால் ஏன் குலைகிறது, ஷெட்யூலில் ஏன் இல்லாத கதவுகள் எண்ணப்படுகின்றன?

வரைபலகை எழுதியது:

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு சிறிய உள்ளக வடிவமைப்பு அலுவலகத்தில் பணிபுரிகிறேன். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒரு தொடர்மாடியில் 11 வீடுகளுக்குச் சமையலறை பன்ட்ரி கபேட்டுகளை ரெவிட் என்ற கட்டட வரைவு மென்பொருளில் வரைந்து, வெட்டு அளவுகளையும் அந்த மொடலிலிருந்தே எடுத்துப் பட்டறைக்குக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வரைபடத்தில் 11 சமையலறைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் சாந்து பூசி முடிந்தபின் நாடா பிடித்து அளந்தபோது, கபேட் வரிசை நிற்க வேண்டிய சுவரின் நீளம் 2,885 மில்லிமீற்றரிலிருந்து 2,930 வரை வீட்டுக்கு வீடு மாறுகிறது. அதனால்தான் அளவுகளை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு கீழ்க் கபேட் ஃபமிலியை, அதாவது மொடலில் பல இடங்களில் வைக்கக்கூடிய ஒரு மாதிரியை, நானே செய்வதென்று முடிவெடுத்தேன்.

அகலம், உயரம், ஆழம், பலகைத் தடிப்பு ஆகிய நான்கையும் பாராமீற்றர்களாக, அதாவது மாற்றக்கூடிய அளவுகளாக, வைத்தேன். சுவர்கள் மாறுவதால் அகலத்தை ஒவ்வொரு கபேட்டுக்கும் தனித்தனியே மாறக்கூடிய இன்ஸ்டன்ஸ் பாராமீற்றராகவும், மற்றவற்றை ஒரே வகைக் கபேட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான டைப் பாராமீற்றர்களாகவும் அமைத்தேன். அகலம் 600-ஐத் தாண்டினால் இரட்டைக் கதவு, இல்லையென்றால் ஒற்றைக் கதவு. இதற்காக இரண்டு கதவுகளை உள்ளே வைத்து, இரண்டாவதை ஆம்–இல்லை பாராமீற்றரால் மறைத்தேன். தட்டுகளை, ஒன்றைப் பல பிரதிகளாக்கும் அறே கட்டளையால் அடுக்கினேன்.

பலகைத் தடிப்பை 18-இலிருந்து 16-ஆக மாற்றினால், கட்டுப்பாடுகளை நிறைவேற்ற முடியவில்லை என்ற அறிவித்தல் வந்து பின்பலகை இடம் விட்டு நகர்கிறது. தட்டுகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்தால் அறே பிழை காட்டுகிறது. கதவகலத்தைக் கணிக்கும் சூத்திரத்தை எழுதினால், டைப் பாராமீற்றருக்குள் இன்ஸ்டன்ஸ் பாராமீற்றரைப் பயன்படுத்த முடியாது என்று மென்பொருள் மறுக்கிறது. அதனால் கதவகலத்தை, இரட்டைக் கதவுக்கு அகலத்தின் பாதி, ஒற்றைக் கதவுக்கு முழு அகலம் என்று கையால் இட்டுவிட்டேன்.

இந்த நிலையில் முதல் இரண்டு வீடுகளுக்கான ஷெட்யூலை, அதாவது மொடலிலிருந்து மென்பொருள் தொகுக்கும் பட்டியலை, பட்டறைக்கு அனுப்பியது என் பிழை. ஒரு வீட்டுக்கு 900 அளவில் இரண்டு, 600-இல் ஒன்று, 450-இல் ஒன்று என நான்கு கபேட்டுகள். ஆகவே இரு வீடுகளுக்கும் 12 கதவுகள் போதும். வந்து இறங்கியவை 16. அதைவிட வருத்தமானது, பொருத்திய கதவுகள் ஒன்றோடொன்று உரசின. அங்கு நின்ற தச்சர் வேறு வழியின்றிச் சீவுளியால் ஓரத்தைச் சீவ, ஒட்டியிருந்த விளிம்புப் பட்டி சுருளாக உரிந்து விழுந்து உள்ளிருந்த பலகையின் தூள் நிறம் தெரிந்தது. வீட்டுக்கார அம்மா அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். மீதி ஒன்பது வீடுகளுக்கும் அப்படி நடக்கக் கூடாது. எங்கே தவறினேன், எந்த ஒழுங்கில் இதை மறுபடி கட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சட்டகம் எழுதியது:

தங்கச்சி, உங்கள் ஃபமிலியில் இருக்கும் சிக்கல்கள் எல்லாம் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஓர் அளவு எங்கிருந்து வருகிறது என்பதைத் தீர்மானிப்பதற்கு முன்னரே அதைப் பாராமீற்றராக்கிவிட்டீர்கள். கபேட்டில் வரும் அளவுகளில் சில சுவர் தருபவை, சில சந்தை தருபவை, மற்றவை இவ்விரண்டிலிருந்தும் கணித்து எடுக்கப்படுபவை. சுவரின் நீளம் வீட்டுக்கு வீடு மாறும். பலகைத் தடிப்பைச் சந்தைதான் தீர்மானிக்கிறது. 16 அல்லது 18 கிடைக்கும், 17 கிடைக்காது. கதவகலமோ கணித்து எடுக்க வேண்டியது. அதைக் கையால் இடக்கூடிய வாய்ப்பே ஃபமிலியில் இருக்கக் கூடாது.

அகலத்தை இன்ஸ்டன்ஸ் பாராமீற்றராக வைத்ததை முதலில் மாற்றுங்கள். சுவர் 45 மில்லிமீற்றர் கூடிக் குறைகிறது என்பதற்காகக் கபேட்டை நீட்டினால், 11 வீடுகளுக்கும் வெவ்வேறு அகலமுள்ள பெட்டிகள் உருவாகி, பட்டறையில் எந்தப் பலகையும் இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாமற் போகும். 900, 600, 450, 900 என்று நிலையாக வைத்தால் கூட்டுத்தொகை 2,850. மிகுதியாக வரும் 35 முதல் 80 மில்லிமீற்றர் வரையான வெளியைச் சுவரோரத்தில் ஒரு நிரப்புப் பட்டி எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பட்டியின் அகலம் மட்டும் இன்ஸ்டன்ஸ் பாராமீற்றராக இருந்தால் போதும். கபேட்டின் அகலம் டைப்பாக மாறியவுடன் உங்கள் சூத்திரப் பிழையும் மறைந்துவிடும். ஒரே டைப் பல இடங்களில் நிற்கிறது. இடத்துக்கு இடம் மாறும் அளவொன்றை நம்பி அந்த டைப்புக்கு ஒரே விடையை மென்பொருளால் கணிக்க முடியாது, அதனாலேயே மறுத்தது. மறுபக்கமாக, இன்ஸ்டன்ஸ் சூத்திரத்துக்குள் டைப் பாராமீற்றரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பின்பலகை நகர்வது, நீங்கள் பலகையைப் பலகையோடு பூட்டியிருப்பதால் என்று நினைக்கிறேன். ஒரு பலகையின் ஓரத்தை ஒருபக்கம் ரெஃபரன்ஸ் பிளேனுடனும் (அளவு பிடிப்பதற்காக வரையும் கற்பனைத் தளம்) மறுபக்கம் அடுத்த பலகையின் முகத்துடனும் பூட்டினால், தடிப்பு மாறும்போது இரண்டு கட்டளைகளும் ஒரே ஓரத்தை வெவ்வேறு இடத்துக்கு இழுக்கும். எனவே பலகை எதையும் வரைவதற்கு முன் ரெஃபரன்ஸ் பிளேன்களால் ஓர் எலும்புக்கூட்டை அமையுங்கள்: இடது வெளிமுகம், அதிலிருந்து பலகைத் தடிப்பளவு உள்ளே இடது உள்முகம், வலப்பக்கத்துக்கும் அவ்வாறே, பிறகு அடிப்பலகையின் மேல்முகம், பின்பலகையின் முன்முகம். அளவுக் கோடுகள் பிளேன்களுக்கு இடையில் மட்டுமே இருக்க வேண்டும். பாராமீற்றர்களையும் அவற்றில்தான் இட வேண்டும். எலும்புக்கூட்டை வெறுமையாகவே 450-க்கும் 900-க்கும், 16-க்கும் 18-க்கும் மாற்றிப் பாருங்கள். அது குலையாமல் நின்ற பின்னரே பலகைகளை வரைந்து, ஒவ்வொன்றையும் பிளேன்களுடன் மட்டும் பூட்டுங்கள். ஒவ்வொரு பலகை சேர்ந்த பின்னும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தால் எந்தப் பூட்டு குலைத்தது என்பது அப்போதே தெரியும். 20 பூட்டுகளுக்குப் பிறகு தேடினால் ஒரு பகல் முழுவதும் போய்விடும்.

கதவகலத்துக்கு வருவோம். அருகருகே நிற்கும் இரு கபேட்டுகளின் கதவுகளுக்கிடையில் 3 மில்லிமீற்றர் வெளி வேண்டுமென்றால் ஒவ்வொரு கதவும் தன் பெட்டியின் வெளியோரத்திலிருந்து 1.5 உள்ளே நிற்க வேண்டும். இரட்டைக் கதவுக்கு நடுவிலும் 3 வேண்டும். ஆகவே இடைவெளி என்றொரு டைப் பாராமீற்றரை வைத்து, பெயர்களை விளக்கத்துக்காகத் தமிழில் எழுதினால், சூத்திரம் இப்படி அமையும் (இஃப் என்பது, ஆம் என்றால் முதல் விடை, இல்லையென்றால் அடுத்த விடை):

கதவகலம் = இஃப்(இரட்டைக் கதவு, (அகலம் − 2 × இடைவெளி) / 2, அகலம் − இடைவெளி)

900 கபேட்டுக்கு 447 வருகிறது. 450 கபேட்டுக்கும் 447. இது தற்செயல் அல்ல, 900 என்பது இரண்டு 450-கள் என்பதால் வருவது. ஒரு வீட்டின் ஆறு கதவுகளில் ஐந்து ஒரே அளவாகிவிடும். இரட்டைக் கதவு என்ற ஆம்–இல்லை பாராமீற்றரையும் கையால் தெரிவு செய்யாமல், அகலம் > 600 என்ற சூத்திரத்தாலேயே தீர்மானியுங்கள். உள்ளே வைக்கும் கதவு ஃபமிலியில் கதவகலம் இன்ஸ்டன்ஸ் பாராமீற்றராக இருந்து, கபேட்டின் கதவகலத்துடன் இணைக்கப்பட வேண்டும்.

இனி, கூடுதலாக வந்த அந்த நான்கு கதவுகள். ஷெட்யூலில் தனியாக எண்ணப்படுவதற்காகக் கதவு ஃபமிலியை ஷெயார்ட் ஆக அமைத்திருப்பீர்கள். ஷெயார்ட் ஆன உட்பாகத்தைக் கண்ணுக்கு மறைத்தாலும் அது மொடலில் இருந்து நீங்குவதில்லை; ஷெட்யூல் அதையும் எண்ணும். வீட்டுக்கு இரண்டு ஒற்றைக் கதவுக் கபேட்டுகள், இரண்டு வீடுகள். மறைந்திருந்த நான்கு கதவுகளையும் பட்டறை உண்மையாகவே வெட்டிவிட்டது. கதவுக்குள் ‘பயன்படுகிறது’ என்றொரு ஆம்–இல்லை ஷெயார்ட் பாராமீற்றரைச் சேர்த்து, மறைக்கும் அதே பாராமீற்றருடன் இணைத்து, ஷெட்யூலில் ஆம் என்று இருப்பவற்றை மட்டும் வடிகட்டுங்கள்.

தட்டுகளுக்கு அறே வேண்டாம் என்பதே என் கருத்து. 720 உயரமுள்ள கீழ்க் கபேட்டில் ஒன்று அல்லது இரண்டு தட்டுகளுக்கு மேல் யாரும் வைப்பதில்லை. இரண்டையும் தனித்தனியே வைத்து, இரண்டாவதைக் கதவைப் போலவே மறைத்து வடிகட்டினால் முடிந்தது. உயரமான அலுமாரிக்கு அறே தேவைப்பட்டால், அறேயின் எண்ணிக்கைக்கு இஃப்(தட்டுகள் < 2, 2, தட்டுகள்) என்று எழுதி, ஒற்றைத் தட்டைத் தனியாக வைத்து, எது தெரிய வேண்டும் என்பதைத் தட்டுகளின் எண்ணிக்கையால் தீர்மானியுங்கள்.

மரத்தூள் எழுதியது:

நான் மொறட்டுவையில் பட்டறை வைத்திருப்பவன். ரெவிட்டைத் திறக்கத் தெரியாது, ஆனால் அதிலிருந்து அச்சாகி வரும் பட்டியல்களை வைத்துத்தான் அன்றாடம் வெட்டுகிறோம். சட்டகம் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. பட்டறைப் பக்கத்திலிருந்து சில விடயங்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது, மகள்.

447 என்பது முடிந்த கதவின் அளவு. அதை அப்படியே வெட்டச் சொன்னால், நாலு ஓரமும் 1 மில்லிமீற்றர் விளிம்புப் பட்டி ஒட்டியபின் கதவு 449 ஆகிவிடும். நீங்கள் விட்ட 3 மில்லிமீற்றர் வெளியில் 2 அங்கேயே போய்விடும். உங்கள் இரு வீடுகளில் இடைவெளியே கழிக்கப்படாததோடு பட்டியும் சேர்ந்ததால்தான் உரசல் அவ்வளவு கடுமையாக இருந்திருக்கும். ஆகவே முடிந்த அளவு, வெட்டு அளவு என்று இரண்டு நிரல்களைப் பட்டியலில் வையுங்கள். பட்டித் தடிப்பைப் பாராமீற்றராக்கி, வெட்டு அளவு = முடிந்த அளவு − 2 × பட்டித் தடிப்பு என்று கணிக்கச் சொல்லுங்கள்; 447-க்கு 445. தட்டுக்கு முன்னோரத்தில் மட்டும்தான் பட்டி வரும் என்பதால் அதன் ஆழத்திலிருந்து ஒரு பட்டியை மட்டும் கழிக்க வேண்டும். வாள் தின்னும் தடிப்பை நீங்கள் கணக்கிடத் தேவையில்லை; 8-க்கு 4 அடிப் பலகையில், அதாவது 2,440-க்கு 1,220-இல், துண்டுகளை அடுக்கும்போது அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

லாச்சி (இழுப்பறை) வைத்த கபேட் செய்யும்போது இன்னொரு தவறு நேரும். மொடலில் ஆழத்தை இழுத்தால் லாச்சியும் கூடவே நீண்டு 532 என்று வந்து நிற்கும். பழைய சோனகத் தெருவில் எந்த வன்பொருள் கடையில் கேட்டாலும் 532 நீளத்தில் சறுக்குப் பட்டை தர மாட்டார்கள். 450, 500 என்று 50 மில்லிமீற்றர் படிகளில்தான் அது வருகிறது. லாச்சியின் நீளமும் அப்படியே படிபடியாக மாற வேண்டும். அகலத்திலும் அவ்வாறே. குண்டுகள் ஓடும் பக்கச் சறுக்குப் பட்டை ஒவ்வொரு பக்கத்திலும் அரை அங்குலம் எடுக்கும். நாங்கள் இரண்டு பக்கமும் சேர்த்து 26 கழிப்போம். 18 பலகையில் செய்த 800 கபேட்டின் உள்ளகலம் 764, லாச்சிப் பெட்டியின் வெளியகலம் 738. பலகையை 16-ஆக மாற்றினால் உள்ளகலம் 768 ஆகும், லாச்சியும் 742 ஆக வேண்டும். பாஸ்மார் (பட்டறைத் தச்சர்கள்) இதை மனக்கணக்காகவே செய்வார்கள். ஆனால் பட்டியலில் ஓர் இலக்கம் அச்சாகியிருந்தால், அது பிழையாக இருந்தாலும் அதன்படியே வெட்டுவார்கள். வெட்ட வேண்டியது அவர்களின் கடமை என்று நினைப்பார்கள்.

பிணைச்சல்களை மொடலில் வரைய வேண்டாம். கதவில் 35 மில்லிமீற்றர் விட்டமுள்ள கிண்ணத் துளை எந்தப் பக்கம் வரும் என்பதற்காக, கதவு திறக்கும் பக்கத்தை முகத்தோற்றத்தில் புள்ளிக்கோட்டால் காட்டினால் எங்களுக்குப் போதும். பக்கப் பலகையின் துளைகளை முன்னோரத்திலிருந்து 37 உள்ளே, 32 இடைவெளியில் இயந்திரமே போட்டுவிடும்.

கடைசியாக, அடியில் பலகையால் கால் அமைக்காதீர்கள். நம்மவர்கள் குசினியை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். தரையைத் தொடும் பலகை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சில வருடங்களில் ஊதிவிடும். பிளாஸ்டிக் கால்களில் பெட்டியை நிறுத்தி, முன்னால் கழற்றக்கூடிய பட்டியை மாட்டும் முறைக்கேற்ப, கால் உயரத்தைத் தனிப் பாராமீற்றராக வையுங்கள். உங்கள் கட்டடம் கடலோரம் என்பதால் பிணைச்சலும் சறுக்குப் பட்டையும் துருப்பிடிக்காத உருக்காக இருக்க வேண்டும் என்பதையும் ஷெட்யூலின் குறிப்பு நிரலில் எழுதிவிடுங்கள். சாதாரண முலாம் உப்புக் காற்றுக்குத் தாங்காது. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டியைச் சாதாரண கபேட்டின் இன்னொரு டைப்பாக ஆக்கிவிடாதீர்கள். அதற்கு அடிப்பலகையும் தட்டும் இருக்கக் கூடாது. கசியும் காஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் கதவின் கீழ்ப்பகுதியிலேயே காற்றுத் துவாரம் வேண்டும். தனி ஃபமிலியாகச் செய்யுங்கள்.

கோட்டுரு எழுதியது:

ஒரே ஒரு வீட்டுக்குச் செய்பவர்கள் இதை ஸ்கெட்ச்அப் என்ற இன்னொரு வரைவு மென்பொருளின், சூத்திரத்தால் அளவு மாறும் டைனமிக் கொம்பொனென்ட்டிலும் செய்யலாம். 2008-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. ஒவ்வொரு பலகையின் லென்எக்ஸ், லென்வை, லென்இசட் என்ற மூன்று திசை அளவுகளுக்கும் தாய்க் கொம்பொனென்ட்டின் அளவைக் குறித்துச் சூத்திரம் எழுதினால், ஸ்கேல் கருவியால் இழுக்கும்போது தடிப்பு மாறாமல் அகலம் மட்டும் மாறும். கொப்பீஸ் என்ற பண்பினால் தட்டுகளைப் பெருக்கலாம். சூத்திரம் அங்குலத்தில் நடக்கிறதா சென்ரிமீற்றரில் நடக்கிறதா என்பதை மட்டும் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நான் 18 என்று எழுதிய தடிப்பு 18 சென்ரிமீற்றராக வந்து ஒரு பகல் வேலை வீணானது. 11 வீடுகளுக்குப் பட்டியல் எடுக்க வேண்டிய உங்களுக்கு ரெவிட்டே ஏற்றது.

வரைபலகை எழுதியது:

சட்டகம் அண்ணாவுக்கும் மரத்தூள் ஐயாவுக்கும் கோட்டுருவுக்கும் என் நன்றி. மூன்று மாலைகளில் ஃபமிலியை வெறும் பிளேன்களிலிருந்து மறுபடி கட்டினேன். தடிப்பை 16-க்கும் 18-க்கும் மாற்றிப் பார்த்தபோது பின்பலகை அசையவில்லை. மறைந்த கதவுகளை வடிகட்டியபின் ஷெட்யூல் வீட்டுக்கு ஆறு கதவுகளைக் காட்டுகிறது. அவற்றில் ஐந்து 447, ஒன்று 597.

லாச்சியின் நீளத்துக்கு ஐயா சொன்ன படிகளை இப்படி எழுதினேன் (ரவுண்ட்டவுன் என்பது கீழுள்ள முழு எண்ணுக்கு இறக்குவது):

லாச்சி நீளம் = ரவுண்ட்டவுன்((ஆழம் − பின்வெளி) / 50 மி.மீ.) × 50 மி.மீ.

நீளத்தை நீளத்தால் வகுத்து வெறும் எண்ணாக்கி, பின்பு மறுபடி நீளத்தால் பெருக்காவிட்டால் அலகு பொருந்தவில்லை என்று மென்பொருள் மறுக்கிறது; அதைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் எடுத்தது. ஆழம் 560, பின்வெளி 28 என்று கொடுத்தால் 532 என்ற மிகுதி 500-ஆக இறங்கி நிற்கிறது.

ஒரு சிக்கல் மீதியிருக்கிறது. ஏழாம் மாடியில் ஒரு வீட்டின் பக்கச் சுவர் நேர்குத்தாக இல்லை. தரையில் 2,897, மேசைப் பலகையின் உயரத்தில் 2,909. நிரப்புப் பட்டியின் அகலத்துக்கு எந்த அளவைக் கொடுப்பது?

சட்டகம் எழுதியது:

இரண்டையும் கொடுங்கள். பட்டியை நாற்சதுரமாக வரையாமல், கீழகலம், மேலகலம் என்று இரண்டு இன்ஸ்டன்ஸ் பாராமீற்றர்களுடன் சரிவான ஓரமுள்ள தனி ஃபமிலியாக அமையுங்கள். அந்த வீட்டுக்குக் கீழே 47, மேலே 59 வரும். பட்டறைக்குப் போகும் வெட்டு அளவு மட்டும் இரண்டில் பெரியதுடன் 10 சேர்ந்ததாக, அதாவது 69-ஆக இருக்கட்டும். சுவரின் வளைவைப் பென்சிலால் பட்டியின் மேல் கோடிட்டுச் சீவிப் பொருத்துவது அங்கு நிற்பவரின் கைவேலை. அந்தப் பக்கத்துக்கு விளிம்புப் பட்டி ஒட்ட வேண்டாம் என்பதையும் குறித்துவிடுங்கள்.

கபேட் டைப்புகளைக் கையால் ஒவ்வொன்றாக உருவாக்காமல் டைப் கட்டலொக்கில் எழுதுங்கள். ஃபமிலிக் கோப்பின் அதே பெயரில், அதே கோப்புறையில், ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருந்தால் போதும். முதல் வரியில் பாராமீற்றரின் பெயர், இரண்டு சதுரக் குறிகள் (##), நீளம் என்ற வகை, மறுபடி இரண்டு சதுரக் குறிகள், மில்லிமீற்றர் என்ற அலகு. கீழே வரிக்கு ஒரு டைப், இடையில் காற்புள்ளி. சூத்திரத்தால் வரும் கதவகலத்தையும் லாச்சி நீளத்தையும் அந்தக் கோப்பில் சேர்க்காதீர்கள். அகலம், உயரம், ஆழம், தடிப்பு மட்டும் போதும்.

மரத்தூள் எழுதியது:

மகள், மூன்றாவது வீட்டின் பட்டியலை முழுவதுமாக அனுப்புவதற்கு முன் ஒரேயொரு 900 கபேட்டின் தாளை மட்டும் பட்டறைக்கு அனுப்புங்கள். கதவு போட்டு, 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடொன்றை இரு கதவுகளுக்கும் இடையில் மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது எங்கும் சிக்காமல் இறங்கினால் மீதியை வெட்டத் தொடங்கலாம். அந்த நான்கு கூடுதல் கதவுகளையும் எறிந்துவிட வேண்டாம். 450 அகலத்தில் வந்த இரண்டையும் ஓரம் அறுத்து 445-ஆக்கிப் புதிய பட்டி ஒட்டினால் அடுத்த வீட்டுக்கு உதவும். உயரத்தையும் அளந்து பாருங்கள், அதிலும் இடைவெளி கழிக்கப்படாமல் இருந்திருக்கும்.